எங்கள் மிஷினுக்கு மட்டும் உரியது

என் கணவருக்கான நினைவு ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் மாமா, அதாவது என் மாமனார், அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் அடுப்படிப் பக்கம் வருகிறவர் அல்ல. தேனியில் பெரியகுளம் சாலையில் எங்களுக்கு இரும்புக் கடை. கடைக்குப் பின்னால் வீடு, கடைக்கு மேலே ஒரு அறை. அந்த அறையில்தான் என் கணவர் கம்ப்யூட்டர் வைத்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்துவந்தார். எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஊரில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. சந்தைக்கு வருகிறவர்கள் சிலர் படியேறி வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

போடியிலிருந்து ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர் ஆள் அனுப்பியிருப்பதாக மாமா சொன்னார். வரி மாறிவிட்டதாம். பில்லில் புதிதாக ஒரு கட்டம் வேண்டுமாம். அந்த மாற்றத்தை என் கணவர் முன்பே எழுதி முடித்திருந்தார். புது பிளாப்பிகளில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவதுதான் பாக்கி. அதற்குள் ஒரு மதியம், ஸ்டெபிலைசரைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்புகையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனோம். உசிலம்பட்டி தாண்டியதும் வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார் மாமா.

"மதுரையில தெரிஞ்சவுக ஒருத்தர் மிஷினை எடுத்துக்கிடுறேன்னு சொன்னாக. நீ என்னத்தா சொல்ற?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்கிறேன் மாமா."

அதைத் தைரியம் என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தைரியமெல்லாம் இல்லை. கேட்டதும் வாயில் முதலில் வந்தது அதுதான். அந்த நாட்களில் யார் எது கேட்டாலும் அப்படித்தான் பதில் சொன்னேன். துக்கத்துக்கு வந்தவர்கள் அழுதுவிடு, அழுதால் பாரம் குறையும் என்றார்கள். வந்தவர்களுக்குக் காபி காணுமா என்று நான் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் கணக்குப் படித்தவள் நான். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சொல்லச் சொல்ல டைப் அடித்ததில் அந்தப் புரோகிராமின் பெரும் பகுதி என் கை வழியாகத்தான் போயிருந்தது. அதனால் மேலே ஏறிப் போய் மிஷினைப் போட்டபோது எதுவும் புதிதாக இல்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். என் நாற்காலி பக்கத்தில் காலியாகக் கிடந்தது. ஹார்ட் டிஸ்கில் புரோகிராம் இருந்த இடத்தில் உள்ள எல்லா ஃபைல்களையும் பிளாப்பிக்குப் போகச் சொல்லி ஒரே கட்டளை கொடுத்தேன். அவர் அப்படிச் செய்ய மாட்டார். ஒவ்வொரு ஃபைலாகப் பெயர் அடித்துத்தான் அனுப்புவார். பொறுமைசாலி, அதனால் அப்படி என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு ஃபைலை அவர் எப்போதுமே விட்டுவிடுவார் என்பதை நான் கவனித்ததில்லை.

போடிக்கு பஸ்ஸில் போனேன். அன்று ஏல நாள். கடைக்குள் காலெடுத்து வைக்க இடமில்லாமல் மூட்டைகள். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருகிற பெண் கம்பத்துக்காரி. மலையிலிருந்து வருகிற எஸ்டேட்காரர்களிடம் மலையாளத்தில் பேசிவிட்டு, அதே மூச்சில் எங்களிடம் தமிழுக்குத் திரும்புவாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தன் நாற்காலியை எனக்குத் தள்ளினாள். நான் பிளாப்பியைப் போட்டு எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒரு பில் அடித்துப் பார்க்கச் சொன்னேன்.

பில்லின் தலையில் போடிக் கடையின் பெயருக்குப் பதிலாக எங்கள் தேனி ஆபீஸின் பெயர் வந்தது. எங்களுடையது அகலக் காகிதம் ஓடுகிற பிரிண்டர், அவர்களுடையது குறுகல். அதனால் வரிகள் பாதியில் உடைந்து அடுத்த வரியில் விழுந்தன. அவள் பதறிப்போய் ஏதோ ஒரு விசையைத் தட்டினாள். மிஷின் மூன்று முறை நீளமாகக் கத்தியது.

எனக்குத் தெரிந்த சத்தம் அது. என் கணவருக்குச் சிறு வயதில் அம்மை வந்து இடது காது போய்விட்டது. எங்கள் அறைக்குக் கீழே நாள் முழுக்க லாரியிலிருந்து கம்பி இறக்குவார்கள். அந்த இரைச்சலில் சாதாரண சத்தம் அவருக்குக் கேட்காது. ஆகவே தப்பு நடந்தால் மூன்று முறை, நீளமாகக் கத்தும்படி எங்கள் மிஷினில் வைத்திருந்தார். மற்ற கடைகளிலெல்லாம் ஒரே ஒரு சின்ன ஒலிதான்.

"என்னக்கா இப்படிக் கத்துது?" என்று அவள் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பில்லின் தலையில் என்ன பெயர் வர வேண்டும், காகிதம் எவ்வளவு அகலம், எந்த பிரிண்டர், எத்தனை முறை சத்தம் போட வேண்டும் என்பதெல்லாம் ஒரு தனி ஃபைலில் இருக்கும். செட்டிங் ஃபைல் என்போம். புரோகிராம் எல்லாக் கடைக்கும் பொது. செட்டிங் ஃபைல் மட்டும் அந்தந்த மிஷினுக்கு உரியது. அவர் பெயர் அடிக்காமல் விட்டுவந்த ஃபைல் அதுதான். நான் மொத்தமாக அனுப்பியதில் எங்கள் மிஷினின் செட்டிங் இங்கே வந்து, இவர்களுடையதை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, கடையின் கணக்கு விவரங்கள் தனி பிளாப்பிகளில் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலாளி எழுந்து வந்து, எங்கள் ஆபீஸ் பெயர் போட்ட அந்த பில்லை எடுத்துப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். காகிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, இன்றைக்குக் கையாலேயே எழுதிக்கொள்ளலாம் என்று கடைப் பிள்ளைகளிடம் சொன்னார். என்னிடம் மெதுவாகச் செய்தால் போதும் என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது தோன்றியிருக்குமோ என்னவோ. நான் தலையாட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பினேன்.

பழைய செட்டிங்கை நினைவிலிருந்துதான் மீட்க வேண்டியிருந்தது. காகிதத்தை வைத்து அளந்து, அடித்துப் பார்த்து, ஒரு எழுத்து இடது பக்கம் நகர்த்தி, மறுபடி அடித்துப் பார்த்து, நானும் அவளும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் ஏலக்காய் மணம். நடுவில் இருமுறை கரண்ட் போனது. அந்த நேரத்தில் அவள் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

மறுநாள் தேனியில் மற்றக் கடைகளுக்கான பிளாப்பிகளைத் தயார் செய்யும்போது அந்த ஃபைல் சேராமல் இருக்க வழி பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உண்டு. இதைப் பிரதி எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு ஃபைலின் குறியை எடுத்துவிட்டு, குறி உள்ளவற்றை மட்டும் பிரதி எடு என்று கட்டளையிட்டால் அது தானாக விடுபட்டுப் போகும். அப்படியே செய்தேன். முதல் பிளாப்பியைத் திறந்து பார்த்தேன். செட்டிங் ஃபைல் இல்லை. பிரதி எடுக்கும் கட்டளையை மட்டும் ஒரு பேட்ச் ஃபைலாக எழுதி வைத்துக்கொண்டேன். அதன் பெயரை அடித்தால் போதும், பிளாப்பி தயாராகிவிடும். அப்படியே இன்னும் சில பிளாப்பிகளை எடுத்தேன்.

பிறகு பில் அடிப்பதில் ஒரு சிறு சந்தேகம் வர, புரோகிராமை ஒருமுறை ஓட்டிப் பார்த்து மூடினேன். மீதிப் பிளாப்பிகளை அதற்குப் பிறகுதான் எடுத்தேன். அதில் ஒன்றுதான் கம்பத்துக்குப் போனது.

கம்பத்தில் அது ஒரு உரக்கடை. பூச்சிமருந்தும் விற்பார்கள். சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் காலையிலேயே வந்து பெஞ்சில் காத்திருப்பார்கள். கடைக்காரர் என் கணவரை விடப் பல வயது மூத்தவர். அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அடக்கத்துக்கு வந்திருந்தார். நான் போனதும் கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, அதை இடது பக்கமாகத் தள்ளி, தான் வலது பக்கம் வந்து நின்றார். என் கணவரின் கேட்கிற காது அந்தப் பக்கம். பழக்கத்தில் செய்துவிட்டார் போலிருக்கிறது. நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

பிளாப்பியை ஏற்றி முடித்தேன். கடைப் பையன் முதல் பில்லை அடிக்கப் போய் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டான். மிஷின் கத்தியது. மூன்று முறை, நீளமாக.

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை விசைப்பலகையின் மேல் வைத்தபடி இருந்தேன். ஃபைலை எடுத்துவிட்டோமே, எப்படி வந்தது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

கடைக்காரர் மிஷின் பக்கமாக ஒரு அடி வந்தார். பிறகு, "இது தம்பி மிஷின்ல கேக்குற சத்தமில்ல?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"மாடியில வந்து உக்காந்திருந்தப்ப கேட்டிருக்கேன். கீழ கம்பி எறக்குற சத்தத்துல இது மட்டும் தனியாக் கேக்கும்."

நான் செட்டிங்கைத் திருத்துகிற திரையைத் திறந்தேன். அவர் குனிந்து, பையனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இருந்துட்டுப் போகட்டுமே ஆத்தா. எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல."

"வேண்டாம் அண்ணாச்சி. அது எங்க மிஷினுக்கு உள்ளது. இங்கன இருக்கக் கூடாது."

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. அவர் டீ வாங்கிவரச் சொன்னார். தோட்டக்காரர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்றார். நான் மூன்றை ஒன்றாக்கினேன். நீளத்தைக் குறைத்தேன். பையனை மறுபடி தப்பாக ஒரு எண் போடச் சொன்னேன். சின்னதாக ஒரு முறை ஒலித்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடையின் பெயரையும் காகித அகலத்தையும் திருத்தத் தொடங்கினேன்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், சின்னமனூர் தாண்டுவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். புரோகிராமை மூடும்போதெல்லாம் அது செட்டிங் ஃபைலைப் புதிதாக எழுதி வைக்கும். புதிதாக எழுதினால் குறியும் தானாகத் திரும்ப வந்துவிடும். நடுவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன் இல்லையா, அத்தோடு அது மறுபடி பட்டியலில் சேர்ந்துகொண்டது. முதலில் எடுத்த பிளாப்பிகளில் அது இல்லை, பிறகு எடுத்தவற்றில் எல்லாம் இருந்தது. எவை முதலில் எடுத்தவை என்பதற்கு அடையாளம் ஏதும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி செய்தேன்.

குறியை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஆனது. ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும், ஒருமுறை மறந்தாலும் யாரோ ஒருவருடைய கடையில் எங்கள் பெயர் அச்சாகும். அவரைப் போலப் பெயர் பெயராக அடிக்கலாம். ஆனால் எந்தெந்தப் பெயர்கள் என்பது அவர் தலைக்குள் இருந்தது. நாளைக்குப் புதிதாக ஒரு ஃபைல் சேர்ந்தால் நான் அதை விட்டுவிடக்கூடும். ஆகவே புரோகிராமிலேயே கை வைத்தேன். செட்டிங் ஃபைலைப் பொது ஃபைல்களோடு வைக்காமல் தனி இடத்துக்கு மாற்றினேன். பிரதி எடுக்கும் பேட்ச் ஃபைல் அந்த இடத்தின் பக்கமே போகாது. புரோகிராம் தொடங்கும்போது அங்கே போய்ப் பார்க்கும். செட்டிங் இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளும். எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் கடையை அந்தக் கடைக்காரரிடமே கேட்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

கேள்விகளை ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில் எழுதினேன். கம்ப்யூட்டர் தெரியாத ஒருவர் அவற்றுக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மதியம் கடையை அடைத்த பிறகு, எங்கள் செட்டிங் மாறாதபடி புரோகிராமைப் பிளாப்பியிலிருந்தே ஓட்டிவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். மகன் இருந்த வரையில் அவர் அந்த மிஷினைத் தொட்டதில்லை. கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்றேன். தலையை அசைத்தார்.

கடையின் பெயர் கேட்டது. யோசித்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எங்கள் இரும்புக் கடையின் பெயரையே அடித்தார். காகிதம் அகலமா குறுகலா என்று கேட்டது. குறுகல் என்றார். பிரிண்டர் பெட்டியின் மேல் எழுதியிருப்பது என்ன என்று கேட்டது, எழுந்து போய்ப் படித்துவிட்டு வந்தார். பிறகு சத்தம் எத்தனை தடவை என்று கேட்டது.

அங்கே அவர் கை நின்றுவிட்டது.

"அவன் எத்தன வச்சிருந்தான்?"

"மூணு."

"கடைக்காரனுக்கு ஒண்ணு போதும்," என்று சொல்லிவிட்டு ஒன்றை அடித்தார். கேள்விகள் முடிந்ததும் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் ஷட்டர் திறக்கும் சத்தம் கேட்டது. கடை திறக்கிற நேரம் இன்னும் ஆகவில்லை.

புதிய பிளாப்பியைப் போடிக்கு நான் கொண்டுபோகவில்லை. அட்டைக்குள் வைத்துக் கட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். அங்கே அந்தப் பெண் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொண்டாள். மதியம் கீழே கடைக்குப் போன் வந்தது.

"எல்லாம் அதுவே கேட்டுச்சுக்கா. நான் பதில் சொன்னேன். பில்லு அழகா வந்துருச்சு. மொதலாளி பாத்துட்டுச் சிரிச்சாக."

நல்லது என்றேன். போனை வைத்துவிட்டு மேலே வந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. சுவரில் தொங்கிய காலண்டரில் கிழிக்காமல் விட்ட தாள்களைக் கிழித்துவிட்டு அடுத்த கடையின் பிளாப்பியைப் போட்டேன்.

அந்த அறையை அதற்குப் பிறகும் பல வருஷம் நடத்தினேன். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தேன். எங்கள் மிஷினில் செட்டிங்கை நான் மாற்றவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் அந்த மூன்று முறைச் சத்தத்துக்கு முதலில் திடுக்கிடுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். ஒரு கோடையில் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனது. புரோகிராமும் கணக்குகளும் பிளாப்பிகளில் பத்திரமாக இருந்தன, புது டிஸ்கில் திரும்ப ஏற்றினோம். அந்த ஒரு ஃபைல் மட்டும் இல்லை. எங்களுக்கான பிரதியையும் அதே பேட்ச் ஃபைலால்தான் எடுத்து வந்தோம். அது சேராதபடி அதை எழுதியவள் நான். மிஷின் முதல் கேள்வியிலிருந்து என்னிடம் கேட்கத் தொடங்கியது. பதில் சொல்லிக்கொண்டே போனேன். சத்தத்துக்கு ஒன்று என்று அடித்தேன். அப்போது எங்கள் கடைக்குக் கம்பி வருவது நின்று போயிருந்தது, மேலே இரைச்சல் இல்லை.

ஆனால் இதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முதல் வருஷத்தில் உத்தமபாளையத்துக்குப் போய்வந்த நாள்தான். அங்கே ஒரு அரிசி ஆலைக்காரர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். என் கணவரை அவருக்குத் தெரியாது. விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தவர். பிளாப்பியைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். மிஷின் கேட்டது, அவர் பதில் சொன்னார், தன் ஆலையின் பெயர் பில்லின் தலையில் அச்சாவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. கிளம்பும்போது ஆலையில் வேலை பார்க்கிறவர்களின் சம்பளக் கணக்குக்கும் ஒன்று எழுதித் தர முடியுமா என்றார். முடியும் என்றேன். அது என் கணவர் எழுதாதது. நான்தான் முதல் வரியிலிருந்து எழுத வேண்டும்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சின்னமனூர் தாண்டியது தெரியும். நெல் வயல்கள் மேல் வெயில் சாய்ந்து கிடந்தது. பிறகு கண்டக்டர் என் இருக்கையின் கம்பியைத் தட்டி எழுப்பினார்.

"ஏம்மா, தேனிக்குத்தான டிக்கெட் எடுத்தீக? இது ஆண்டிபட்டி."

இறங்கினேன். தோளில் பை இருந்தது. கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம் பதிந்திருப்பது கையில் தட்டுப்பட்டது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், தேனி பஸ்ஸுக்காக நிற்கிறவர்களோடு நின்றேன். பசித்தது. ஒரு வண்டிக்காரரிடம் அவித்த கடலை வாங்கிக்கொண்டேன்.